சிறுநீர் முட்டவில்லை என்பது நிம்மதி அல்ல

சர்க்கரை நோய் என்றதும் நம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த அடையாளம், அடிக்கடி சிறுநீர் போவது. “ராத்திரி நாலு தடவ எந்திரிக்கிறேன்” என்று ஒருவர் சொன்னால், “சுகர் பாத்தீங்களா?” என்று டீக்கடையில் பக்கத்தில் நிற்பவரே கேட்டுவிடுகிறார். கம்பம் பள்ளத்தாக்கின் கடைக்கோடி ஊர் வரைக்கும் அந்த விழிப்புணர்வு வந்துவிட்டது. ஆனால், இதே நோயின் இன்னொரு முகத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பத்து, பதினைந்து ஆண்டுகளாகச் சர்க்கரையோடு வாழும் ஒருவருக்குச் சிறுநீர் முட்டுகிற உணர்வே மெல்லக் குறைந்துபோகலாம். காலையில் போனவர் மதியம் வரை, சில நாள் மாலை வரை, போகாமலே இருப்பார். அவரும் வீட்டாரும் அதை நோயாகப் பார்ப்பதில்லை. “இப்பல்லாம் முன்ன மாதிரி ஓட வேண்டியதில்ல, சுகர் கட்டுக்குள்ள வந்துருச்சு” என்று மகிழ்ந்துபோகிறார்கள். சர்க்கரை உண்மையிலேயே கட்டுக்குள் வந்திருக்கலாம். சிறுநீர்ப்பையின் நரம்புகள் மரத்துப்போயும் இருக்கலாம். எது என்று பார்க்காமல் விடுவதில்தான் ஆபத்து இருக்கிறது.

இந்த ஆபத்து எங்கும் உண்டு. ஆனால், தேனி மாவட்டத்தில் அது ஒளிந்துகொள்ள வசதியான ஓர் இடம் இருக்கிறது. விடிவதற்கு முன்பே கம்பம், கூடலூர், கோம்பை, தேவாரம், போடி தெருக்களில் ஏலத்தோட்ட ஜீப்புகள் வந்து நிற்கும். கையில் தூக்குவாளி, சேலைக்கு மேலே கணவரின் பழைய முழுக்கைச் சட்டை, தலையில் சுற்றிக்கொள்ள ஒரு துண்டு. நெருக்கியடித்து உட்கார்ந்து, கம்பம்மெட்டு, குமுளி, போடிமெட்டு வழியாக மலையேறி இடுக்கி மாவட்டத்தின் வண்டன்மேடு, நெடுங்கண்டம் பக்கத்துத் தோட்டங்களுக்குப் போகிறார்கள் பெண்கள். திரும்பி வரப் பொழுது சாய்ந்துவிடும். இடையில் ஒதுங்க ஏலச்செடி மறைவுதான். அங்கே அட்டை கடிக்கும், ஆள் நடமாட்டம் இருக்கும். அதனால் காலையில் தண்ணீரே குடிக்காமல் ஜீப் ஏறுவது பலருக்கும் பழகிப்போன ஒன்று. “வீட்ல போயிட்டு ஏறுனா, வந்துதான் மறுபடி. அடக்கிக்கிருவேன்” என்பார்கள். இவர்களில் நாற்பது, ஐம்பது வயதைத் தாண்டியவர்களும், ஜாக்கெட்டுக்குள் சுகர் மாத்திரையை மடித்து வைத்திருப்பவர்களும் உண்டு. நாள் முழுக்கப் போகாமல் சமாளிக்கிறவரைக் கொடுத்துவைத்தவராக மற்றவர்கள் பார்க்கிறார்கள். அவருடைய சிறுநீர்ப்பைக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க ஆளில்லை.

எண்ணிக்கையில் இது சின்ன விஷயம் இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்த ‘இன்டியாப்’ ஆய்வின் முதல் கட்ட முடிவுகள் 2011-இல் வெளியாயின. தமிழ்நாட்டில் 20 வயதுக்கு மேற்பட்டோரில் 10.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக அது சொன்னது. நகர்ப்புறத்தில் 13.7, கிராமப்புறத்தில் 7.8 சதவீதம். நாடு முழுவதற்குமான முடிவுகள் 2023-இல் வந்தபோது இந்தியாவில் இந்த நோயோடு வாழ்பவர்கள் 10 கோடியைத் தாண்டியிருந்தார்கள். இவர்களில் பலர் ஏற்கெனவே பத்தாண்டு, இருபதாண்டு கடந்தவர்கள். நரம்பு சேதம் பெரும்பாலும் அந்தக் கட்டத்தில்தான் வெளியே தெரியத் தொடங்கும்.

மடைக்காரரும் சேதிக்காரரும்

சிறுநீர்ப்பை எப்படி வேலை செய்கிறது என்பதைக் கண்மாய்ப் பாசனம் தெரிந்தவர்களுக்கு விளக்குவது எளிது. கண்மாயில் நீர் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்த்துச் சேதி சொல்ல ஒருவர் வேண்டும்; நேரம் வரும்வரை மடையை மூடிக் காக்க ஒருவர் வேண்டும்; உத்தரவு வந்ததும் திறந்துவிட ஒருவர் வேண்டும். உடம்பில் இந்த மூன்று வேலையையும் நரம்புகள் செய்கின்றன. சுமார் 150 முதல் 200 மில்லி சேர்ந்ததும் முதல் சேதி மூளைக்குப் போகிறது. 400, 500 மில்லியை நெருங்கும்போது முட்டிக்கொண்டு வருகிறது. மூளை “சரி” என்றதும், முதுகுத்தண்டின் கீழ்முனையிலிருந்து கிளம்பும் நரம்புகள் பையின் தசையைச் சுருங்கச் சொல்கின்றன; அதே நொடியில் வாய்ப்பகுதித் தசை தளர்கிறது. இரண்டும் ஒருசேர நடந்தால்தான் பை முழுவதும் காலியாகும்.

சர்க்கரை முதலில் அடிப்பது சேதிக்காரரை. நரம்புக்கும் ரத்தம் வேண்டும். மயிரிழையைவிட மெல்லிய ரத்தக் குழாய்கள் நரம்பின் மீதும் உள்ளும் ஓடி அதற்குச் சோறு போடுகின்றன. ரத்தத்தில் சர்க்கரை ஆண்டுக்கணக்கில் கூடியே இருந்தால் அந்தக் குழாய்களின் சுவர் தடித்து, ஓட்டம் குறைகிறது. இன்னொரு பக்கம், நரம்புச் செல்லுக்குள் அளவுக்கு மீறி நுழையும் குளுக்கோஸ் ‘சார்பிட்டால்’ என்ற பொருளாக மாறித் தேங்கி, செல் தன்னைத்தானே பழுதுபார்த்துக்கொள்ளும் திறனைக் கெடுக்கிறது. மெல்லிய நரம்பிழைகள் இதற்கு முதலில் பலியாகின்றன. செருப்பு கழன்று விழுந்ததே தெரியாமல் நாலு எட்டு நடந்துபோகிறாரே, அவருடைய பாதத்தில் நடந்த அதே சேதம்தான் அடிவயிற்றிலும் நடக்கிறது. பாதத்தைக் குனிந்து பார்க்கலாம். பையைப் பார்க்க முடியாது.

இது ஒரே நாளில் வருவதில்லை. கட்டுப்பாடு இல்லாத சர்க்கரை முதலில் சிறுநீரின் அளவைக் கூட்டுகிறது. சிறுநீரில் இறங்கும் குளுக்கோஸ் தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போவதே காரணம். ஓயாமல் நிரம்பிக் காலியாகும் பையின் தசை தடித்து, படபடப்பாகிறது. அவசரம், ஓட்டம், கழிப்பறை வாசலை எட்டுவதற்குள் சொட்டு விழுவது, இரவில் பல முறை எழுவது எல்லாம் இந்தக் கட்டத்தில். ஆண்டுகள் போகப் போக, உணர்வு மழுங்குகிறது, பை விரிந்து கொடுக்கிறது, தசை சோர்ந்துபோகிறது. அப்போது முக்கினால்தான் வரும். விட்டு விட்டு வரும். போய் முடித்த பிறகும் 200, 300 மில்லி உள்ளேயே நிற்கும். கடைசிக் கட்டத்தில் நிரம்பிய பையிலிருந்து வழிவது மட்டுமே சிறுநீராக வெளியே வருகிறது. வீட்டில், “வயசாச்சு, அப்பத்தாவுக்கு ஒண்ணுக்கு நிக்க மாட்டேங்குது” என்று சொல்லி மருந்துக்கடையில் பெரியவர்களுக்கான டயப்பர் வாங்கிவந்து மாட்டிவிடுகிறார்கள். துணிக்கு வெளியே ஒரு சொட்டும் படுவதில்லை. உள்ளே அரை லிட்டருக்கு மேல் தேங்கிக் கிடக்கும். பார்க்கவே வேதனையான விஷயம் இது, தவிர்த்திருக்கக்கூடிய வேதனை.

யாருடைய நோய் இது?

சர்க்கரையும் நரம்புக் கோளாறும் கைகோத்தவை என்பதைப் பிரெஞ்சு மருத்துவர் மார்ஷால் த கால்வி 1864-லேயே எழுதிவிட்டார். சிறுநீர்ப்பைக்கு என்று தனியாக இந்த நோயை வரையறுத்துப் பெயரிட்டவர் டென்மார்க்கின் ஃப்ரிமோட்-மோலர், அது 1970-களில். நம் மாநிலத்துக்கோ இந்தத் துறையில் பெருமைமிக்க பின்னணி உண்டு. சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் 1948-இல் சர்க்கரை நோய்க்குத் தனிப் பிரிவு தொடங்கியவர் மருத்துவர் எம். விஸ்வநாதன், பின்னர் 1954-இல் ராயபுரத்தில் இந்த நோய்க்கென்றே மருத்துவமனையை நிறுவினார். அப்படிப்பட்ட மாநிலத்தில் இன்று கண்ணுக்குப் பரிசோதனை உண்டு, சிறுநீரகத்துக்கு உண்டு, பாதத்துக்கு உண்டு. சிறுநீர்ப்பை எந்தப் பட்டியலிலும் இல்லை. சர்க்கரை மருத்துவர் அதைச் சிறுநீரியல் துறையின் வேலை என்று நினைக்கிறார். சிறுநீரியல் மருத்துவரிடம் நோயாளி போவதே அடைத்துக்கொண்ட பிறகுதான்.

நோயாளியும் சொல்வதில்லை. கம்பத்தில் சர்க்கரை மருத்துவரைப் பார்க்க வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் சாப்பாட்டைப் பற்றியது. பன்னீர் திராட்சை சாப்பிடலாமா, ரெண்டு போகம் விளைகிற வீட்டில் சோற்றை எப்படிக் குறைப்பது என்று கேட்பார்கள். திராட்சைத் தோட்டத்துக்கு நடுவில் வாழ்கிறவர்களுக்கு அது நியாயமான கவலைதான். ஆனால், “முக்கினால்தான் ஒண்ணுக்கு வருது” என்பதை ஒரு பெண் ஆண் மருத்துவரிடம் சொல்ல மாட்டார். ஆண்களுக்கு இன்னொரு தயக்கம். சிறுநீர்ப்பை நரம்பு கெடும்போது ஆண்மைக் குறைவும் பல நேரம் கூடவே வருகிறது. ஒன்றைச் சொன்னால் மற்றதையும் கேட்பார்களோ என்று இரண்டையும் விழுங்கிவிடுகிறார்கள்.

சொன்னாலும் வேறு முத்திரை விழுகிறது. ஐம்பது வயதைக் கடந்த ஆண் என்றால் புராஸ்டேட். பிள்ளை பெற்ற பெண் என்றால் கர்ப்பப்பை இறக்கம், அல்லது சூடு. புராஸ்டேட் வீக்கமும் கர்ப்பப்பை இறக்கமும் உண்மையான நோய்கள்தான். சர்க்கரையோடு சேர்ந்தே வரவும் செய்யும். ஆனால், பையின் தசையே ஓய்ந்துபோயிருக்கும் ஒருவருக்குப் புராஸ்டேட்டை மட்டும் அறுவை செய்து வழியைத் திறந்துவிட்டால் எதிர்பார்த்த பலன் கிடைக்காமல் போகலாம். திறந்த மடை வழியே தள்ளிவிட உள்ளே வலு இல்லை. அதனால்தான், நெடுநாள் சர்க்கரை உள்ளவருக்கு அறுவைக்கு முன் பையின் அழுத்தத்தையும் தசையின் வலுவையும் அளக்கும் ‘யூரோடைனமிக்’ பரிசோதனை தேவையா என்று யோசிக்க வேண்டும் என்கிறது மருத்துவம்.

நாட்டு வைத்தியப் பக்கமும் ஒரு வார்த்தை. நெருஞ்சில் கஷாயம், சிறுபீளைச் சாறு, பார்லிக் கஞ்சி எல்லாம் நம் வீடுகளில் நீர்க்கடுப்புக்குக் கைகண்ட மருந்தாக வழங்குபவை. அவற்றைக் குறைசொல்ல நான் வரவில்லை. ஆனால், நீரை வெளியே தள்ள முடியாத பைக்கு மேலும் நீரைப் பெருக்கும் மருந்து எந்த வகையில் உதவும்? காரணம் தெரிவதற்கு முன்னால் கஷாயம் குடித்துக்கொண்டு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டாம்.

தேங்கிய சிறுநீர் சும்மா இருப்பதில்லை. அதில் சர்க்கரையும் கலந்திருந்தால் கிருமிகளுக்கு விருந்து. உணர்வு மழுங்கியவருக்கு எரிச்சல்கூடச் சரியாகத் தெரியாமல், குளிர்காய்ச்சலோடுதான் தொற்று வெளிப்படலாம். அது மேலே ஏறிச் சிறுநீரகத்தைத் தாக்கினால் உயிருக்கே ஆபத்து. சிறுநீரகத் திசுவுக்குள் வாயு உண்டாகிற அளவுக்கு முற்றுகிற ஒரு வகைத் தொற்று உண்டு. அது வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் சர்க்கரை நோயாளிகள். இன்னொரு பக்கம், நிரம்பிய பையின் அழுத்தம் பின்னோக்கிப் போய்ச் சிறுநீரகத்தை வீங்க வைக்கிறது. சர்க்கரையால் ஏற்கெனவே நைந்திருக்கும் சிறுநீரகத்துக்கு இது இரண்டாவது அடி.

மாத்திரைகளிலும் கவனம் வேண்டும். கால் எரிச்சலுக்குக் கொடுக்கப்படும் ‘அமிட்ரிப்டிலின்’ நல்ல மருந்துதான். ஆனால், பையின் தசையை மேலும் சோர்வாக்கிச் சிறுநீரை அடைக்கும் குணம் அதற்கு உண்டு. சளிக்கும் அரிப்புக்கும் கடையில் கேட்டு வாங்கும் பழைய வகை அலர்ஜி மாத்திரைகளும் அப்படியே. பாத நரம்புக்காகச் சாப்பிடும் மாத்திரை பை நரம்பின் வேலையைக் கெடுக்கிறதா என்று யாராவது கேட்டால்தானே தெரியும்? நீண்ட காலம் மெட்ஃபார்மின் சாப்பிடுபவர்களுக்கு வைட்டமின் பி12 குறைந்து, அதனாலும் நரம்பு கெடலாம். ஒரு ரத்தப் பரிசோதனையில் கண்டுபிடித்து ஊசியாலோ மாத்திரையாலோ சரிசெய்யக்கூடிய விஷயம் அது. இதற்காக யாரும் தாமாகவே எந்த மாத்திரையையும் நிறுத்திவிடக் கூடாது. கேளுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

ஒரு வரி, ஓர் எண்

கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். வயிற்று ஸ்கேன் எடுக்கப்போனால், “தண்ணி குடிச்சிட்டு நல்லா முட்டுனதும் சொல்லுங்க” என்று உட்கார வைப்பார்கள். பை நிறைந்த நிலையில் ஒரு முறை பார்த்துவிட்டு, “போயிட்டு வாங்க” என்று அனுப்பி, மறுபடி படுக்கவைத்து அடிவயிற்றில் கருவியை ஒரு நிமிடம் வைத்தால் போதும். உள்ளே எவ்வளவு மிச்சம் என்று திரையில் தெரிந்துவிடும். பொதுவாக 50 மில்லிக்குள் இருக்க வேண்டும். 100-ஐத் தாண்டினால் யோசிக்க வேண்டும். 200-ஐத் தாண்டினால் கட்டாயம் காரணம் தேட வேண்டும். ஸ்கேன் ரிப்போர்ட்டின் கீழ்ப்பகுதியில் ‘பி.வி.ஆர்.’ என்று போட்டு, இத்தனை சிசி என்று ஒரு வரி இருக்கும். கல் இருக்கா, கட்டி இருக்கா என்று தேடுகிற கண்கள் அந்த வரியைத் தாண்டிப் போய்விடுகின்றன. உங்கள் வீட்டு பீரோவில் பழைய ரிப்போர்ட் இருந்தால் எடுத்துப் பாருங்கள்.

கண்டுபிடித்துவிட்டால் செய்ய நிறைய இருக்கிறது. முதல் மருந்து கடிகாரம். முட்டுகிறதோ இல்லையோ, மூன்று அல்லது நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை போய்விட வேண்டும். போன பிறகு சில நிமிடம் பொறுத்து, மறுபடி ஒரு முறை முயல வேண்டும். வாய்ப்பகுதியைத் தளர்த்தும் மாத்திரைகள் சிலருக்கு உதவுகின்றன. இவை போதாதபோது, நாளில் சில முறை நோயாளியே சிறு குழாய் விட்டுக் காலி செய்துகொள்ளும் முறை இருக்கிறது. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜாக் லேபிடிஸ் 1972-இல் இதை முன்வைத்தபோது பலரும் அதிர்ந்தார்கள். கிருமியே இல்லாத அறுவை அரங்கச் சுத்தம் வேண்டியதில்லை, சோப்புப் போட்டுக் கழுவிய கை போதும் என்றார் அவர். பை அளவுக்கு மீறி விரியும்போது அதன் சுவருக்கு ரத்த ஓட்டம் குறைந்து, தொற்றைத் தடுக்கும் வலுவை இழக்கிறது; ஆகவே நேரத்துக்குக் காலி செய்வதே பெரிய பாதுகாப்பு என்பது அவர் வாதம். உலகம் அதை ஏற்றுக்கொண்டது. நம் ஊரில், “டியூப் போட்டாங்க” என்றால் ஆளே முடிந்துபோனது போலப் பேசுகிறோம். இந்தக் குழாயோடு வேலைக்குப் போகலாம், கல்யாண வீட்டுக்குப் போகலாம், கூலி வேலைகூடச் செய்யலாம்.

சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பது இவை எல்லாவற்றுக்கும் அடித்தளம். 1993-இல் வெளியான புகழ்பெற்ற அமெரிக்க ஆய்வில், முதல் வகைச் சர்க்கரை நோயாளிகள் கறாராகக் கட்டுப்பாட்டில் இருந்தபோது நரம்பு பாதிப்பு 60 சதவீதம் குறைந்தது. நம்மிடம் மிகுதியாக உள்ள இரண்டாம் வகையில் பலன் அந்த அளவுக்கு இல்லை. என்றாலும், சேதம் மேலும் பெருகாமல் தடுக்க அதைவிட நல்ல வழி இல்லை. முழுக்க மரத்துப்போன நரம்பை மீட்பது அரிது. அதனால்தான் ஆரம்பத்திலேயே கேட்க வேண்டும் என்று இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

கேட்க ஆள் இருக்கிறார்கள். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம், வீட்டு வாசலுக்கே போய்ச் சர்க்கரை பார்த்து மாத்திரை கொடுக்கிறது. 2024-இல் ஐ.நா. அமைப்பின் விருது பெற்ற திட்டம் அது. ‘பாதம் பாதுகாப்போம்’ என்று காலுக்கும் தனித் திட்டம் வந்துவிட்டது. மாத்திரை கொடுக்க வரும் அந்தப் பெண் தன்னார்வலர் தன் பதிவேட்டில் இன்னும் மூன்று கேள்விகளைச் சேர்த்துக்கொள்ள எவ்வளவு நேரம் ஆகும்? இரவில் எத்தனை முறை எழுகிறீர்கள், பகலில் எத்தனை மணி நேரம் போகாமல் இருக்கிறீர்கள், போய்வந்த பிறகு மிச்சம் நிற்பது போல இருக்கிறதா? கேட்பவரும் பெண் என்பதால் தோட்டத்துப் பெண்கள் வாய் திறந்து பேசுவார்கள். ஐயம் உள்ளவர்களுக்குக் கம்பம், உத்தமபாளையம், போடி அரசு மருத்துவமனைகளிலேயே அந்த ஒரு நிமிட ஸ்கேன் கிடைக்க வேண்டும். கூடலூர்க்காரர் இதற்காகச் சின்னமனூர், வீரபாண்டி, தேனி எல்லாம் தாண்டி கானாவிலக்கு அரசு மருத்துவக் கல்லூரிக்குப் போக வேண்டும் என்றால், ஒரு நாள் கூலி போய்விடும். அவர் போக மாட்டார்.

வீட்டு வாசலுக்கு மருத்துவம் வருகிற நேரத்தில் ஏலத்தோட்டப் பெண்கள் மலை மேலே இருப்பார்கள் என்பது இன்னொரு சிக்கல். வேலையிடங்களுக்கே போய்ப் பரிசோதிக்கும் தமிழக அரசின் திட்டம் 2024-இல் தொடங்கியது; ஆனால், இவர்களின் வேலையிடமோ கேரளத்தில். வீடு ஒரு மாநிலம், கூலி ஒரு மாநிலம். விடிகாலையில் ஜீப் கிளம்பும் இடங்களிலும், ஞாயிற்றுக்கிழமைகளில் ஊருக்குள்ளும் முகாம் போட தேனி மாவட்ட நிர்வாகம் முடிவெடுத்தால் போதும். இதற்குப் புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை.

சட்டம் தேவைப்படும் இடத்தில் அது எப்போதோ எழுதப்பட்டிருக்கிறது. 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், தோட்டங்களில் பெண்களுக்குத் தனிக் கழிப்பறை இருக்க வேண்டும் என்றது. ஏலமும் அதில் அடக்கம். ஐந்து ஹெக்டேருக்கோ பதினைந்து தொழிலாளர்களுக்கோ குறைவான சிறு தோட்டங்கள் அந்த வரம்புக்கு வெளியே நின்றுவிட்டன. தோட்ட முதலாளிகளில் கணிசமானோர் நம் போடியையும் கம்பத்தையும் சேர்ந்தவர்கள். போடியில் ஏலக்காய் ஏலத்துக்கு மின்னணு வசதி செய்ய முடிந்திருக்கிறது. அந்தக் காயைப் பறிக்கும் பெண்ணுக்கு நாலு தகரமும் ஒரு வாளித் தண்ணீரும் கொண்ட மறைவிடம் கட்டித்தர முடியாது என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. சிறு தோட்டக்காரர்கள் நாலைந்து பேர் சேர்ந்து ஒன்று கட்டலாம். நறுமணப் பொருள் வாரியம் உலர்கூடத்துக்கும் உரத்துக்கும் காட்டும் அக்கறையில் ஒரு பங்கை இதற்கும் காட்டலாம்.

வாசகர்களுக்கு என் வேண்டுகோள் இது. வீட்டில் சர்க்கரை நோயாளி இருந்தால், அவர் அம்மாவோ அப்பாவோ மாமியாரோ, இன்று இரவு சாப்பாட்டுக்குப் பிறகு தனியாக உட்கார வைத்து அந்த மூன்று கேள்விகளைக் கேளுங்கள். தண்ணீரைக் குறைத்துக்கொள்ளச் சொல்லாதீர்கள்; நேரம் பார்த்துப் போகச் சொல்லுங்கள். முக்க வேண்டியிருக்கிறது, சொட்டுகிறது, நாள் முழுக்க முட்டவே இல்லை என்று எது சொன்னாலும், அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது “போன பிறகு எவ்வளவு மிச்சம் நிக்குதுன்னு ஸ்கேன்ல பாக்கணும்” என்று நீங்களே கேளுங்கள். குளிர்காய்ச்சலும் விலாவில் வலியும் சேர்ந்து வந்தாலோ, சிறுநீரே இறங்காமல் அடிவயிறு கல்லாகிப்போனாலோ, அடுத்த முறை வரை காத்திருக்க வேண்டாம். அந்த ராத்திரியிலேயே 108-ஐ அழையுங்கள்.